ஜெல் குறைய ஆரம்பித்த மாதம்

எங்கள் கிளினிக்கில் ஸ்கேன் அறைக்கு ஜெல் வாங்கிப் போடுவது என் வேலைகளில் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, ஸ்கேன் அறையிலிருந்து வரும் துண்டுச் சீட்டைப் பார்த்து ரிப்போர்ட் அடிப்பது, டாக்டர் இன்றைக்குக் கோபமாக இருக்கிறாரா என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, இவையெல்லாம் மற்ற வேலைகள். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தக் கதையை நான் சொன்னால்தான் உண்டு, அதனால் சொல்கிறேன்.

கதை எங்கள் ஸ்கேன் அக்காவுடையது. ஐம்பத்திரண்டு வயது. சிரித்தால் காசு கேட்பார்கள் என்பதுபோல முகம். கட்டடம் முழுக்க ஏ.சி. ஓடும், அக்காவின் அறையில் மட்டும் ஓடாது. "கை குளிர்ந்துபோச்சுன்னா ரத்தம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும், அப்புறம் நான் எங்க போய்த் தேடுறது?" என்பார். வருகிறவர்கள் பத்து நிமிடம் அந்தப் புழுக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வேர்க்கிறது என்று என்னிடம் வந்து புலம்புவார்கள். நான் என்ன செய்ய? அக்காவிடம் யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது?

எங்களுடையது மூட்டு டாக்டர் கிளினிக். வருகிறவர்களில் பாதிப் பேர் முடக்குவாதக்காரர்கள். உடம்பு தன் சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அரிக்கிற நோய் அது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்றால் அது பழைய வீக்கமா, உள்ளே இப்போதும் நோய் வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் ஸ்கேன். கருவியை மூட்டின்மேல் வைத்தால் கறுப்பு வெள்ளையில் வீக்கம் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் ரத்தம் ஓடும் இடம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இருந்தால் நோய் விழித்திருக்கிறது, இல்லையென்றால் தூங்குகிறது. வீக்கத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை அக்கா எண் போடுவார். நான் அடிப்பேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். ஜெல்லைக் கொட்டு கொட்டென்று கொட்டுவார். மற்ற இடங்களில் விரலளவு தடவுவார்கள், இவர் கையின்மேல் ஒரு மேடு கட்டிவிடுவார். கருவி தோலைத் தொடவே தொடாது, அந்த மேட்டின் மேலேயே மிதக்கும். மாதத்துக்கு ஒரு பெட்டி தீர்ந்துவிடும். "என்னக்கா, குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். முறைப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பிள்ளைகள் இல்லை. வீட்டு மாடியில் நாத்தனார் இருக்கிறாள். அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது, தாயில்லாத பிள்ளை. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்து, எல்லாம் அக்காதான். இன்றைக்கு அவளுக்கு நாற்பதாகிறது, இன்னும் அவள் பெயர் 'சின்னவள்'தான். கீழே முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்கு இருப்பது அந்தக் கத்தரியும் அண்ணன் அண்ணியும்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்கு நோய் இருப்பதைக் கண்டுபிடித்ததே அக்காதான். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, வெளியில் வீக்கமும் பெரிதாக இல்லை, நாள் முழுக்க நின்றுகொண்டு கத்தரி பிடிக்கிற வலி என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா ஒரு மதியம் அவளைக் கூட்டிவந்து ஜெல் மேடு கட்டிப் பார்த்தார். வலது மணிக்கட்டில் ஒரு அரிசி அளவு சிவப்பு. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தார். மருந்து ஆரம்பித்தது, கை பிழைத்தது. அதற்கப்புறம் சின்னவளுக்கு அண்ணி சொல்வதுதான் வேதம்.

இனி ஜெல்லுக்கு வருகிறேன்.

போன வருடம் நடுவில் ஒரு பெட்டி ஒன்றரை மாதம் வந்தது. அடுத்தது இரண்டரை மாதம். எனக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே, அக்கா திருந்திட்டீங்க" என்றேன். துண்டுச் சீட்டில் கையெழுத்தும் பெரிதாகி, கோணலாகிக்கொண்டே வந்தது. "டாக்டர் ஆயிட்டீங்களா, எழுத்து இப்படிப் போகுது?" என்று அதற்கும் ஒரு கிண்டல் அடித்தேன்.

அதே சமயத்தில்தான் ஸ்கேன் முடிந்து வெளியே வருகிறவர்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். "அக்கா இன்னைக்கு அழுத்தி எடுத்துட்டாங்க, வலிக்குது" என்பார்கள். குறையாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். "நல்லா அழுத்திப் பாக்குறாங்க, ஒண்ணும் தப்பாது" என்று மெச்சியவர்கள்தான் அதிகம். நம் ஆட்களுக்கு அப்படித்தான், வலித்தால்தான் வைத்தியம். நானும் அதற்கு ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன்: "அக்கா அழுத்துனா வியாதி பயந்து ஓடிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். ரிப்போர்ட்டும் அதற்கேற்றாற்போலத்தான் வந்துகொண்டிருந்தது. வீக்கம் ஒன்று, சிவப்பு பூஜ்யம். வீக்கம் இரண்டு, சிவப்பு பூஜ்யம். நான் பூஜ்யமாக அடித்துத் தள்ளினேன். டாக்டர் புது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோயிருந்தார்.

சின்னவளுக்கும் பூஜ்யம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால். டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரையைப் பாதியாக்கினார். இரண்டு மாதம் கழித்து வலிக்கிறது என்று வந்தாள். மறுபடியும் அக்கா பார்த்தார், மறுபடியும் பூஜ்யம். "வேலை வலிதான், ராத்திரியில பட்டை கட்டிக்கோ" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் காலை ஒரு வாடிக்கைக்காரிக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவளின் சுண்டுவிரல் தொங்கிவிட்டது. வலியே இல்லையாம். நான்கு நாளில் மோதிரவிரலும் தொங்கியது. முடி வெட்டுகிற கத்தரியில் ஒரு வளையம் கட்டைவிரலுக்கு, இன்னொன்று மோதிரவிரலுக்கு. அந்த விரலை நீட்ட முடியாவிட்டால் கத்தரி மூடும், திறக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மணிக்கட்டு முழுக்க நோய் கொழுந்துவிட்டிருந்தது, எலும்பு அரித்திருந்தது, விரலை நீட்டும் தசைநார்கள் அந்த எலும்பில் உரசி உரசி அறுந்திருந்தன.

டாக்டர் அந்தப் படத்தையும் எங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவே இல்லை. "மிஷின்ல ஏதோ கோளாறு, ஆளை வரச்சொல்லு" என்றார். பதினெட்டு வருடம் அந்தக் கையை நம்பியவருக்கு மிஷினைத் தவிர எதைச் சந்தேகப்படத் தோன்றும்?

மிஷின் கம்பெனி இஞ்சினியர் மறுநாள் மதியம் வந்தார். பேச்சுக்காரர். வந்ததும் டீ கேட்டார், பிஸ்கட் இருக்கிறதா என்றும் கேட்டார். கருவியைக் கழற்றி, மாட்டி, ஒரு ரப்பர் கட்டையின்மேல் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"சிவப்பு வருதான்னு பாக்கணும் சார்" என்றேன்.

"அதுக்கு ஆள் கை வேணும். யாராவது குடுங்க."

நான் நீட்டினேன். பார்த்துவிட்டு, "உங்க கை நல்ல கை சார், இதுல என்ன வரும்?" என்று விட்டுவிட்டார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தன் இடது கையை நீட்டினார். "எனக்கும் காலையில விரல் மடங்க மாட்டேங்குது. நானே பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. ஆனாலும் பாருங்க."

எனக்கு அது புதிய செய்தி. தினமும் எட்டு மணி நேரம் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர் விரல் மடங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

இஞ்சினியர் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு மேடு கட்டினார். பழைய நாளில் அக்கா கட்டுவாரே, அதே மேடு. கருவியை அதன்மேல் மெல்ல வைத்தார், தோலில் படவே இல்லை. பொத்தானைத் தட்டினார். திரை சிவந்தது. ஒரு ஓரத்தில் இல்லை, மூட்டு முழுக்க.

"பாத்தீங்களா, மிஷின் சூப்பரா இருக்கு!" என்றார் இஞ்சினியர். அப்புறம்தான் அது யார் கை என்று அவருக்கு உறைத்தது. சிரித்த வாயை மூடத் தெரியாமல் அப்படியே நின்றார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அழுத்துங்க" என்றார்.

அழுத்தினார். அடுப்பை அணைத்ததுபோல அத்தனை சிவப்பும் போய்விட்டது.

"எடுங்க."

வந்தது.

"அழுத்துங்க."

போனது.

மூன்று முறை. அப்புறம் அக்கா கருவியை வாங்கித் தன் வலது கையில் பிடித்து, இடது மணிக்கட்டின்மேல் வைத்தார். ஜெல் மேடு இரண்டு பக்கமும் பிதுங்கி வழிந்து படுக்கையில் சொட்டியது. திரையில் ஒன்றுமில்லை. கறுப்பும் வெள்ளையும்தான்.

"தம்பி, நான் அழுத்துறேனா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியல" என்றார். "இந்தக் கட்டைவிரல், பக்கத்து விரல் ரெண்டும், மரத்துப்போயிருக்கு. வெச்சிருக்கேனா, அழுத்துறேனான்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

அக்காவுக்கும் அதே நோய்தான். அது வலது மணிக்கட்டில் வீங்கி, விரலுக்குப் போகும் உணர்ச்சி நரம்பை நசுக்கியிருந்தது. அதை டாக்டர் பிற்பாடு சொன்னார். பாட்டிலைச் சரியாகப் பிதுக்க வராமல்தான் ஜெல் குறைந்திருக்கிறது, எழுத்தும் கோணியிருக்கிறது. உணர்ச்சி போன விரலில் கருவி நழுவிவிடுமோ என்று அக்கா தோளிலிருந்தே பலம் கொடுத்துப் பிடித்திருக்கிறார். சின்ன ரத்தக் குழாய்கள் அந்த அழுத்தத்தில் நசுங்கி, ஓடுகிற ரத்தமும் ஓடாததுபோலத் தெரிந்திருக்கிறது. படிப்பில் முதல் பாடம் இதுதானாம்: அழுத்தாதே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்காவே ஆயிரம் முறை சொல்லியிருப்பார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். அக்காவுக்குத் தன் கையைப் பார்க்கக் கண்ணாடி இருந்தது, அந்தக் கண்ணாடியைப் பிடித்ததும் அதே கை.

இஞ்சினியர் சர்வீஸ் ரிப்போர்ட் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "ஏதோ லூஸ் கனெக்‌ஷன், சரி பண்ணியாச்சுன்னு எழுதிடவா சார்?"

எழுதுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். உண்மையை மறைக்கவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். டாக்டரே மிஷின் என்கிறார், இஞ்சினியரும் மிஷின் என்று எழுதத் தயார். பழம் நழுவிப் பாலில் விழுகிறது. அக்கா வைத்தியம் பார்த்துக்கொண்டு மெல்ல ஓய்வு வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் எதுவும் தெரியாது.

"இல்லாததை எழுதாதீங்க" என்றார் அக்கா. டிஷ்யூவை எடுத்துக் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "தம்பி, எப்போலேருந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் கொஞ்சமா மரத்துச்சு. எனக்குத் தேதி தெரியாது."

எனக்குத் தெரிந்திருந்தது. நான் போய் ஸ்டாக் நோட்டை எடுத்துவந்தேன். எந்த மாதம் முதல் பெட்டி தீராமல் மிஞ்சியது என்று அதில் என் கையெழுத்திலேயே இருந்தது, பக்கத்தில் ஒரு டிக் மார்க்கோடு. அந்த டிக் மார்க்கை சந்தோஷத்தில் போட்டிருந்தேன்.

டாக்டரிடம் அக்காவே போய்ச் சொன்னார். அவர் கத்துவார் என்று நான் கதவருகில் நின்றேன். கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது" என்றார். அவ்வளவுதான். எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். அன்றிலிருந்து கருவியை அவரே பிடித்தார்.

நூற்றுப் பதினெட்டுப் பேர். என் மேஜையில் உட்கார்ந்து அக்கா ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒரே வாக்கியம்: "உங்களுக்கு நான் எடுத்த ஸ்கேன் தப்பா இருக்கலாம், மிஷின் தப்பில்ல, என் கை, திரும்ப வந்து எடுத்துக்கோங்க." அதை முதல் நாள் சொன்ன குரலிலேயே நான்காம் நாளும் சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒருவர் போலீஸுக்குப் போவேன் என்றார், அக்கா அவருக்குக் கிளினிக் முகவரியைச் சொன்னார். ஒரு பெண்மணி, பாவம், நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு அக்கா அடுத்த எண்ணைக் கேட்பார், நான் வாசிப்பேன். எனக்கும் அந்த நான்கு நாளில் பசி, கோபம், எதுவும் சரியாக வரவில்லை. எண்ணை வாசிக்க வேண்டும், வாசித்தேன்.

பட்டியலில் ஒரு பெயரை மட்டும் அக்கா தாண்டித் தாண்டிப் போனார்.

"வீட்டு மாடியிலதானேக்கா இருக்கு, நேர்ல சொல்லிடலாமே" என்றேன்.

"தினம் ஏறுறேன்" என்றார். "பாதிப் படியில இறங்கிடுறேன்."

திரும்ப வந்தவர்களில் முப்பத்தொரு பேருக்குச் சிவப்பு இருந்தது. முப்பது பேருக்கு நேரத்தில் மருந்து கூட்டியாகிவிட்டது, பெரிதாக எதுவும் கெடவில்லை என்றார் டாக்டர். முப்பத்தொன்றாவது ஆள் சின்னவள்.

அறுந்த தசைநாரைச் சேர்த்துத் தைக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க அவளை வரச்சொல்லியிருந்தார்கள். வலது கையில் பட்டையோடு வந்தாள். இடது கையால் டோக்கன் வாங்கினாள். கடையைப் பூட்டி மூன்று வாரமாகிறது, வாடிக்கைக்காரர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்கேன் அறையில் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் ஜெல் பாட்டிலோடு நின்றார். நான் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சீட்டோடு போயிருந்தேன், அக்காவால் இப்போது பேனா பிடிக்க முடிவதில்லை.

டாக்டர் ஆரம்பிப்பதற்கு முன்னால் அக்கா சொன்னார். போனில் நூற்றுப் பதினேழு பேருக்குச் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல். மிஷின் தப்பில்ல, என் கை. சின்னவள் பட்டையை அவிழ்த்துக் கையை நீட்டினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கீழே தொங்கின.

அக்கா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி, மணிக்கட்டின்மேல் மேடு கட்டினார். டாக்டர் கருவியை அதில் மிதக்கவிட்டார். திரை சிவந்தது.

சின்னவள் திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

"என்ன டாக்டர், தொடவே இல்ல?"

"இப்படித்தாம்மா பாக்கணும். வலிக்காது."

"ஓ" என்றாள். அப்புறம் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு உயிர் போற மாதிரி வலிச்சுது அண்ணி. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நம்ம வீட்டு ஆளு, எனக்குன்னு ஆழமாத் தேடிப் பாக்குறீங்கன்னு நெனச்சுட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "இவர்கிட்ட கூட வெளிய வந்து சொன்னேன். வியாதி பயந்து ஓடிடும்னாரு."

அக்கா பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். ஜெல் இன்னும் வந்துகொண்டிருந்தது, கை நிறைந்து, படுக்கையில் வழிந்து, தரைக்கு இறங்கியது. தான் அழுத்திக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் மெதுவாக எட்டிப் பாட்டிலை வாங்கி வைத்தார்.

"எழுதிக்கோ" என்றார் என்னிடம். "வீக்கம் மூணு, சிவப்பு மூணு."

எழுதிக்கொண்டேன்.